புகார்ப் பதிவேடு

மின்வாரியம் கழித்துப்போட்ட புகார்ப் பதிவேட்டில்
மிஞ்சிய பக்கங்களில் எழுதுகிறேன்,
ஞாயிறு இரவுகளில்.
தேதி, எண், விவரம்.
'தீர்வு' என்ற கட்டம் மட்டும் காலி.

தொடரின் பெயர் வேண்டாம், வழக்கு வரும்.
கோளின் பெயர் வேரா-6.
காற்றில்லை. புல்லைத் தவிர உயிரில்லை.
வானத்தில் இரண்டு சூரியன்.
எங்களுக்கு அது மன்னவனூர்,
பதினோரு நாள் எடுத்தார்கள்.

எண் 1: சூரியன் இரண்டு. தளபதிக்கு நிழல் ஒன்று.
எண் 4: காற்றில்லாத கோளில் கொடி படபடக்கிறது.
எண் 5: தலைக்கவசத்தில் கண்ணாடியே இல்லை.
எண் 9: அடிவானத்தில் செம்மறி.
தலையை நிமிர்த்தி, மென்றபடி,
விண்கலம் இறங்குவதைப் பார்க்கிறது.

பிலோமினா அங்கே வேலை பார்த்தவள்.
வேலை என்றால் துடைப்பம்.
ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால்
சேற்றில் விழுந்த மனிதத் தடங்களை எல்லாம் அழித்து
அழித்தபடியே
பின்பக்கமாக நடந்து வெளியேற வேண்டும்.
நாளுக்கு அறுநூறு, மதியம் தயிர்சாதம்.

அதனால் அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு.
கண்ணாடியா? மூச்சுவிட்டா வெள்ளையா மூடிக்குது,
அந்த ஆளு ரெண்டு தடவை கல்லுல முட்டிக்கிட்டாரு.
செம்மறியா? விரட்டத்தான் விரட்டினோம்.
அது நிக்கிற இடம் அது.

எண் 15: ஒரே வசனம்.
பாதியில் வெயில், மீதியில் மூடுபனி.
எழுதும்போது சிரித்துவிட்டாள்.
இது தப்பா? நீ இந்த மலைக்காரன்தானா?
அடித்துவிட்டேன் அதை.
வேரா-6இல் நிஜமாக நடந்தது அது ஒன்றுதான்.
பழைய தமிழ்ல புகார்னாலே பனிமூட்டம்தான் என்றாள்,
பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள்.

எண் 23.
ஒன்பதாம் பகுதி, முப்பத்தோராவது நிமிடம்.
தளபதி முழங்காலிட்டு மண்ணை அள்ளுகிறார்.
"இங்கே இதுவரை எந்தக் காலும் பட்டதில்லை."
அவர் முதுகுக்குப் பின்னால்
சரிவு முழுக்க ஒற்றை வரிசைத் தடம்.
ரப்பர் செருப்பு, அகல அகலமான எட்டு.
பாதியில் ஒரு கால் செருப்பை இழக்கிறது,
மறு கால் தேடி நிற்கவில்லை.

நிறுத்தினேன், பெரிதாக்கினேன், துள்ளினேன்,
ஒரு காலால் துள்ள முடிந்த அளவுக்கு.
உன் துடைப்பத்தின் லட்சணம் பார்!

அடுப்பில் பாலைப் பார்க்கப் போனாள்.
அடுப்பில் பால் இல்லை.
அதை எழுதாத, என்றாள் அங்கிருந்தே.
ஏன்?
அது செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை நான் பூம்பாறையில் கம்பத்தின் மேல் இருந்தேன்.
லைனை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன்.
எந்த வீட்டிலோ ஜெனரேட்டரைப் போட்டார்கள்.
பிறகு கம்பத்தின் மேல் இல்லை.
தொடையில் எஃகு, கையில் அலுவலக நாற்காலி,
நாலு வருஷமாக மற்றவர் புகாரை எழுதுகிறேன்.

ஃபோர்மேன் ஃபோன் பண்ணினாரு.
துடைப்பத்தப் போட்டுட்டு ஓடினேன்.
பின்பக்கமா நடக்கத் தோணல.

திரும்ப ஓடவிட்டேன், சத்தமில்லாமல்.
தளபதி வாயசைத்துக்கொண்டிருந்தார்.
தடங்களை எண்ணினேன். முப்பத்தெட்டு.
அதற்கு மேல் படம் முடிந்து
எங்கள் வீட்டுச் சுவர் தொடங்குகிறது.
அங்கிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு
மலைப்பாதை, பஸ் இல்லாத நேரம்.

எதில் வந்தாய் அன்றைக்கு?
நாலு வருஷத்தில் கேட்டதே இல்லை.

பூண்டு லாரி, என்றாள். மூட்டைங்க மேல.

கண் விழித்தபோது
அறை முழுக்க அடித்த அந்த வாசத்தை
இதுநாள்வரை
ஏதோ மருந்து என்றல்லவா சொல்லிக்கொண்டு திரிந்தேன்.