வட்டம் திறக்கும்போது

காதடைப்பானுக்கு இரண்டு ஸ்லோட்டி.
கொடுத்துவிடு. நான் கொடுக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றி உள்பையில் வை,
ஷூ லேஸுக்கு இரட்டை முடிச்சு.

வூச் நகரத்துப் பழைய நூற்பாலை இது.
தறி நின்ற இடத்தில்
ஆளுயர ஒலிபெருக்கிகள்.
முதல் அடி காதில் விழாது,
விலா எலும்பில் விழும்.

பாடகன் குமட்டுகிறவன்போல் குனிவான்.
ஒரு சொல்லும் புரியாது,
போலந்துக்காரர்களுக்கும்தான்.

பிறகு, நடுவில் தரை தெரியும்.
யாரும் சொல்லாமலே கூட்டம் பின்வாங்கும்,
அலைக்கு முன் கடல் உள்வாங்குகிற மாதிரி.
அப்போது ஓட நினைக்காதே.
முடியாது.

முழங்கை வரும்.
என் உதட்டைக் கிழித்தது யாட்விகாவுடையது.
பகலில் அவள் டயாலிசிஸ் பிரிவில் செவிலி,
வலிக்காமல் ஊசி ஏற்றுகிறவள் என்று பேர்.

நீ விழுவாய்.
இதைத்தான் சொல்ல வந்தேன்.
விழுந்த அரை நொடியில்
அக்குளுக்குள் நாலு கை நுழையும்,
தூக்கி நிறுத்தும், முதுகில் தட்டும்,
தட்டிய கையே மறுபடி இடிக்கும்.

அன்றைக்கு மொட்டைத்தலை ஆள் ஒருவன்
ஒற்றை ஷூவைத் தலைக்குமேல் பிடித்து
யாருடையது, யாருடையது என்று
வாயசைத்தே கேட்டுக்கொண்டு நின்றான்.
அவனைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு
யாரும் யாரையும் இடிக்கவில்லை.

வெளியே பனி.
எல்லார் தலையிலிருந்தும் ஆவி.

கடைசி டிராமில்
யாட்விகா என் தாடையைப் பிடித்து
விளக்குப் பக்கம் திருப்பினாள்,
உதட்டைப் பார்த்தாள்,
நீளமாக ஏதோ சொன்னாள்.
காதுக்குள் ஒரே விசில்.
தலையாட்டி வைத்தேன்.