பதினாறுக்குப் பிறகு

பெட்டிக்குள் இரண்டு பச்சைப் பலகைகள்,
சாவிக்கொத்தில் மாட்டும் பொத்தான் ஒன்று,
ஏரியலுக்குப் பதினேழு சென்டிமீட்டர் கம்பி.
கையேட்டை யார் மொழிபெயர்த்தார்களோ,
"பெறுநரை அன்போடு விழிக்கச் செய்யவும்" என்றிருந்தது.
ஒதார் அதை மூன்று முறை வாசித்துச் சிரித்தான்.
குதாயிசியில் அன்று காலை முதல் கரண்ட் இல்லை.
பழைய லாரி பேட்டரியிலிருந்து
ஐந்து வோல்ட் இறக்கினோம்.
மேசையில் இடம் போதவில்லை;
புளிப்பு பிளம் சட்னி பாட்டிலை
ஜன்னல் விளிம்புக்குத் தள்ளினேன்.

திராட்சைத் தோட்டக்காரி லாமாராவுக்கு
காரில் உட்கார்ந்தபடியே இரும்பு கேட் திறக்க வேண்டும்.
கேட்டுக்கு முன்னால் மேசையில் ஓர் ஒத்திகை.

காசு போன்ற பேட்டரிக்கு அடியில்
ஒரு பிளாஸ்டிக் நாக்கு.
அதை உருவினால்தான் உயிர்.
உருவினேன். எதுவும் நடக்கவில்லை.
அது பேசும், நமக்குத்தான் கேட்காது, என்றான் ஒதார்,
தன் அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோல.

பெறும் பலகையில் "கற்றல்" என்று ஒரு குட்டிப் பொத்தான்.
பேனா முனையால் அழுத்திப் பிடித்தேன்.
சிவப்பு எரிந்தது.
இப்போ நீ, என்றேன்.
அவன் அழுத்தினான்.
சிவப்பு இருமுறை சிமிட்டி அணைந்தது.
அவ்வளவுதான் அறிமுகம்.
அதன்பின் அவன் அழுத்த அழுத்தப் பச்சை,
கூடவே ரிலே "டிக்" என்று நாக்கைச் சொடுக்கும்.

எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்க நடந்தான்.
நான் போனில்.
ரொட்டிக் கடை? எரியுது.
மருந்துக் கடை? எரியுது.
பாலத்தின் முதல் விளக்கு? எரியுது.
நடுப்பாலம்?
போனில் ரியோனி ஆற்றின் இரைச்சல் மட்டும்.
நூற்றுப் பத்து மீட்டர் என்று சுவரில் எழுதினேன்.

அந்தப் பாலத்தில் நிற்கும்போதுதான்
பத்தூமியிலிருந்து அவனுக்கு இன்னோர் அழைப்பு.
வந்து சொல்லக்கூட இல்லை, மினிபஸ் ஏறிவிட்டான்.
பொத்தான் அவன் கோட்டுப் பையில்.

ஒன்பது நாள்.
கையேட்டின் மீதியை வாசித்தேன்.
ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஓர் எண் ஏறும்.
ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாது,
திருடன் ஒட்டுக்கேட்டாலும் பயனில்லை.
பெறும் பலகையும் கூடவே எண்ணிக்கொண்டு வரும்.
எட்டாத தூரத்தில் அழுத்தினால்
பதினாறு வரை பொறுத்துக்கொள்ளும்.
அதற்கு மேல், நீ யார் என்றுகூடக் கேட்காது.
சும்மா இருக்கும்.

லாமாரா இரண்டு தடவை வந்து போனாள்.
இரண்டாம் தடவை பாலாடைக்கட்டி தந்தாள்.
கோபமில்லை என்று அர்த்தம்.

பத்தாம் நாள், மழையோடு ஒதார்.
கோட்டைக் கழற்றவில்லை.
பொத்தானை மேசைப் பக்கம் நீட்டி அழுத்தினான்.
பச்சை இல்லை.
இதுவுமா, என்றான்.

வாங்கிப் பார்த்தேன்.
பூட்டுப் படம் பாதி தேய்ந்து போயிருந்தது.
ஆஸ்பத்திரி நடையில் கைக்கு ஏதாவது வேண்டுமில்லையா,
உள்ளே அந்த மெஷின் பீப் அடிக்கும்போதெல்லாம்
நானும் ஒன்று அழுத்துவேன்.
எத்தனை?
எண்ணவில்லை, நானுலி.
அது எண்ணியிருக்கும், என்றேன்.

எங்கள் ஊர் ஆண்கள்
சாவுக்கு நாற்பது நாள் சவரம் செய்வதில்லை.
இது ஒன்பது நாள் சோம்பலின் தாடியா,
அந்த நாற்பதின் தொடக்கமா,
முகத்தில் எழுதியிருக்கவில்லை.
குராம் எப்படி, என்று கேட்க வாயெடுத்தேன்.
வேறு ஏதோ சொன்னேன்.

சொன்னது கையேட்டின் கடைசிப் பக்கம்:
முதல் அழுத்தலை அது நம்பாது,
குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும்.
அடுத்தது அதற்கு அடுத்த எண்ணாக இருந்தால் போதும்,
நடுவில் விட்டுப்போனதைக் கேட்காமல்
உன் கணக்குக்கே வந்துவிடும்.
முதலாவதை அழுத்திவிட்டாய்.
இன்னும் ஒன்று.

பொத்தானைத் திருப்பிக் கொடுத்தேன்.
கட்டைவிரலை வைத்தான், அழுத்தவில்லை.
கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
சட்னி பாட்டிலைத் திறந்து
ரொட்டியை அறுக்க ஆரம்பித்தேன்,
இரண்டு பேருக்கு.
மூன்றாம் துண்டில், முதுகுக்குப் பின்னால்,
டிக்.