கடலில்லாத ஊரின் மாலுமிகள்

ரெஜைனாவில் கடல் இல்லை.
எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் கோதுமை,
பிறகும் கோதுமை,
அறுத்த தாள்களின் மேல் ஆறு மாதம் பனி.
இந்த ஊருக்குத்தான்
மாலுமிகள் என்ற பெயரோடு வந்து இறங்கியது
ஹாலிஃபாக்ஸில் நஷ்டத்தில் ஓடிய ஐஸ் ஹாக்கி அணி.

முதலாளி பெயரை மாற்றவில்லை.
ஆறாயிரம் தொப்பிகளில் ஏற்கெனவே
நங்கூரம் தைத்தாகிவிட்டது.

கூடவே ஒரு கப்பல் சங்கும் வந்தது.
கோல் விழுந்தால் ஊதும்.
நாற்காலி அதிரும், பல் கூசும்,
அலையைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள்
சோளப்பொரி சிதற எழுந்து குதிப்பார்கள்.

நான் நூற்றுப் பதினான்காம் பிரிவில்
இருக்கை காட்டுகிறவள்.
மாரிசெல் என்று சட்டையில் குத்தியிருக்கும்.
யாரும் படிப்பதில்லை.

ஒரெஸ்ட் ஹ்னாட்யுக் மஞ்சள் ஜெர்சியில் வருவார்.
நாற்பத்தொரு வருடம் இந்த ஊருக்கு ஆடி
பெரும்பாலும் தோற்ற
காட்டு முயல்களின் ஜெர்சி.
புது அணி வந்த மறுமாதம்
அரங்க வாடகை மூன்று மடங்கானது.
முயல்கள் கலைந்தன.
ஒண்ட வந்த பிடாரி
ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதை.

அவர் சீசன் டிக்கெட் வாங்கி வந்து
ஆட்டம் முடியும்வரை திட்டுவார்.
வீட்டிலிருந்து திட்டினால் அவர்கள் காதில் விழாதாம்.

டிசம்பரில் பக்கத்து இருக்கைக்கு ஒருவர் வந்தார்,
கிளைட் பூட்டிலியர், லாரிக்காரர்,
உறைந்த மீனோடு ஹாலிஃபாக்ஸிலிருந்து
நாலு நாள் ஓட்டி.
கோட்டில் அந்த வாடை.
அவரும் திட்டினார்,
ஒரெஸ்ட் அறியாத வார்த்தைகளில்.
ஒரெஸ்ட் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்.

வந்ததற்காக ஒருவர்,
போனதற்காக ஒருவர்.
இரண்டு பேரும் எதிரணிக்குக் கைதட்டினார்கள்.
அது எந்த ஊர் அணியென்று
நடுவில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

இடைவேளையில் உருளை வறுவல் பங்கிடப்பட்டது.
"அந்தப் பதினேழாம் நம்பர் ஏன்
எப்பவும் இடது பக்கமாகவே திரும்புகிறான்?"
"வலது முழங்கால் போய்விட்டது.
அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில்
நாங்கள் இருநூறு பேர் நின்றோம்.
மழை வேறு."
ஒரெஸ்ட் வறுவல் பொட்டலத்தை
அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

கடைசிச் சுற்றில்
பதினேழு, இடது பக்கமாகத் திரும்பி,
அடித்தான்.
சங்கு ஊதியது.
கிளைட் எழுந்துவிட்டார்.
எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்து
தொப்பியைக் கழற்றி, பார்த்து, மாட்டிக்கொண்டார்.
ஒரெஸ்ட் குனிந்து
கையுறையைத் தேடினார்.
கையிலேயே இருந்தது.

அதன்பின் கிளைட்டை நான் பார்க்கவில்லை.
மீன் வேறு பாதையில் போகிறதோ என்னவோ.
ஒரெஸ்ட் இன்னும் வருகிறார், திட்டுகிறார்.
ஆனால் பதினேழிடம் பந்து போகும்போது
(பந்தில்லை அது, கறுப்பு ரப்பர் வில்லை,
பதினோரு வருடமாகியும் எனக்குப் பந்துதான்)
கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

நீ யார் பக்கம் என்று
என்னை ஒருவரும் கேட்டதில்லை.
நான் பிறந்த இலோயிலோவில்
சங்கு ஊதினால்
யாரோ கிளம்புகிறார்கள் என்று அர்த்தம்.
எனக்காகவும் ஒருமுறை ஊதியது.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
ஒவ்வொரு கோலுக்கும் வயிறு கலங்கியது.
மேற்பார்வையாளர் அஜீரணம் என்று நினைத்து
மாத்திரை கொடுத்தார்.

போன ஜூலையில் மகனை அங்கே கூட்டிப்போனேன்.
ஜோவன், ஆறு வயது, ரெஜைனாவில் பிறந்தவன்.
துறைமுகத்தில் என் சித்தி
பகோலோட் கப்பலுக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.
மூட்டைகள், கோழிக்கூடை, அழுகை.
சங்கு ஊதியது.

இரண்டு கையையும் தூக்கி
கோல் என்று கத்தினான் என் பிள்ளை.

படகுத்துறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.
அவன் கையைப் பிடித்து இறக்கப் போனேன்.
என் கை ஏற்கெனவே
தோள் உயரத்தில் இருந்தது.