எண்ணும்மை

வினாக்குறி வரைக்கும் அது வெறும் இடம்.
அதற்கப்புறம்தான் முகவரி வாய் திறக்கிறது:
யார், எங்கே, எந்தப் படகு, நாய் உண்டா.

டோர்ஸ்ஹவுன் துறைக்கு மேலே,
மீன் கிடங்காக இருந்த கட்டடத்தில்,
மார்யுன் அந்த நீண்ட வரியைத் திரையில் பிரித்துப் போடுகிறாள்.
புறப்பாடு சமம் டோர்ஸ்ஹவுன்.
சேருமிடம் சமம் சூவுரோய்.
பயணி சமம் ராக்னா.
பயணி சமம் தோரா.
பயணி சமம்
பயணி சமம் ஹோக்னி.

(ஹோக்னியின் பெயரில் குறுக்கே கோடு விழுந்த ஒரு வட்டம் உண்டு.
அது மட்டும் இரண்டு சதவீதக் குறிகளாக
வேடம் கட்டி வந்திருந்தது. அதில் சிக்கலில்லை.)

காலை ஏழு பத்து. மழை பக்கவாட்டில்.
படகின் சாய்பலகையில் பெர்க்குர்
ஈரமான விரலால் தலைகளை எண்ணினான்:
நான்கு.
அச்சான சீட்டுகளை எண்ணினான்:
இரண்டு.
"பையனுக்குச் சீட்டு இல்லையே," என்றான்.
பையன் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டான்.
கோட்டுக்குள்ளிருந்து இன்னொன்று அழுதது.

பிழை எளியது. மார்ச்சில் அவளே எழுதியது.
"பயணி யார்?" என்று நூலகத்தைக் கேட்டால்
முதல் ஆளைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும்.
ஆகவே ஒவ்வொன்றாக நடந்துபோகச் சொல்லியிருந்தாள்.
போகிற வழியில்
மதிப்பில்லாததைக் களையவும் சொல்லியிருந்தாள்.

மூன்றாவதைக் களைந்ததும்
நான்காவது ஓரடி முன்னே வந்து நின்றது,
வரிசையில் யாரும் செய்வதுபோல.
சுற்று அதற்குள் அடுத்த படியில் கால் வைத்துவிட்டது.
ஹோக்னியை யாரும் நீக்கவில்லை.
யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என் மொழியில் 'உம்' ஒவ்வொருவர் தோளிலும் ஏறும்:
ராக்னாவும் தோராவும் ஹோக்னியும்.
கடைசி ஆளுக்கும் ஒன்று உண்டு.
இந்த வரியிலோ
இரண்டு பேருக்கு நடுவே ஒரு சுருண்ட குறி,
வேலிக் கம்பம் மாதிரி.
யாரையும் தொடுவதில்லை.

மார்யுன் ஆறிய காபியோடு
கப்பல் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டாள்:
அந்தக் காலி இடம் என்ன, தவறுதலாக அழுத்தியதா?
பெர்க்குர் அந்தப் பக்கம் சிரித்தான்.
பிறந்து பன்னிரண்டு நாள்.
பெயர் வைக்கவில்லை.
வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறதாம்.

களைகிற வரியை அழித்தாள்.
நடக்கும்போது நட, வேறெதுவும் செய்யாதே
என்று குறிப்பெழுதி,
கொஞ்சம் உபதேசமாகப் பட்டதால் அதையும் அழித்தாள்.

மூன்று வாரம் கழித்து அதே கைபேசியிலிருந்து
திரும்புகிற பயணம்.
பயணி சமம் ராக்னா.
பயணி சமம் தோரா.
பயணி சமம்
பயணி சமம் ஹோக்னி.
நாய் சமம் ஒன்று. இது புதிது.

நான்கு சீட்டுகள் அச்சாயின்.
மூன்றாவதில் பெயருக்கு நேரே வெள்ளை.
பெர்க்குர் அந்த வெள்ளையில் சரியாக
ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.
நாய் மட்டும் ஏற மறுத்தது.