நூல் பிடித்துப் போனால்

பாமன்கடைத் தொடர்மாடி, ஐந்தாம் தட்டு.
பல்கனிப் பப்பாசியின் இலையடியில்
அரிசிமா சிந்தினமாதிரி வெள்ளை.
"எப்ப வந்தது?" என்று கேட்டேன்.
"வரேல்லைத் தம்பி, தந்தவை"
என்றார் மிஸிஸ் அமிர்தநாயகம்.

தந்தது தெஹிவளை மச்சாள்.
மச்சாளுக்கு, பேலியகொடைச் சந்தை நிஸ்தார்.
நிஸ்தாருக்கு,
இரவு இரண்டு மணிக்கு வரும் ஏதோ ஒரு லொறி.

கந்தோர்ச் சுவரில் கொழும்பு வரைபடம்.
கண்ட இடமெல்லாம் குண்டூசி,
ஊசிக்கு ஊசி சிவப்பு நூல்.
பின்னேரம் தள்ளி நின்று பார்க்க
அது நோயின் படமாய் இல்லை.
நூறாம் நம்பர் பஸ் போகும் வழி.
கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும்
சனம் போய்வரும் வழி.

பெண் மாவுப்பூச்சிக்குச் செட்டை இல்லை.
தானாய் நகர்ந்தால்
பக்கத்துச் செடிக்கே பாதிநாள்.
நாங்கள்தான் அதற்கு டிக்கெட் எடுத்தது.

ஒரு நூல் மட்டும்
கிருலப்பனை வாய்க்கால் கரையோடு நின்றுபோனது.
போய்ப் பார்த்தேன்:
மாநகரசபை வெட்ட மறந்த துண்டு நிலம்.
குப்பைமேனி, கோவைக்கொடி, நாயுருவி,
பேர் தெரியாத இன்னும் ஏழெட்டு,
நடுவில் ஒற்றைப் பப்பாசி.
மாவு இருந்தது.
அதைத் தின்னப் பொறிவண்டும் இருந்தது.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்,
இவ்வளவு பேரையும் எழுத
அரை அங்குலம் தந்திருந்தார்கள்.

வெளிக்கிடும்போது ஞாபகம் வந்தது:
போன மாதம், ஈரப் பேப்பரில் சுற்றி,
சிலாபத்தில் இருக்கும் தங்கச்சிக்கு
நான் கொடுத்துவிட்ட செவ்வரத்தைக் கொப்பு.

வரைபடத்தில் சிலாபம் இல்லை.
வடக்கே, வெறும் சுவரில்
ஊசியைக் குத்தினேன்.
நூல் காணவில்லை.