அரைநாள் டிக்கெட்

பத்தாங் காலி பண்டல் கடைக்கு
வியாழன் காலை லாரி வரும்.
நூறு கிலோ மூட்டை, நீல நாடா.
வாயைக் கத்தரித்தால்
அடக்கிவைத்த மூச்சுபோலத் துணி வெளியே தள்ளும்,
யார் யார் அலமாரியிலோ இருந்த வாசனையோடு.

இந்த வாரம் சட்டை இல்லை, சிலுவார் இல்லை.
எல்லாம் பனிக்கோட்டு.
முதலாளி ஹோ தலையில் கைவைத்துக்கொண்டார்.
வெளியே தார்ச்சாலைமேல் காற்று நெளிகிறது.
செம்பனைக் குலை லாரி ஒன்று கடந்துபோனால்
அதன் வாடை
கடைக்குள் வந்து கொஞ்ச நேரம்
உட்கார்ந்துவிட்டுத்தான் போகும்.

என் வேலை பார்ப்பது.
ஜிப் ஓடுகிறதா, பையில் ஓட்டையா, அக்குளில் கறையா
பார்த்து
ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று சீட்டுக் குத்துவது.
மஞ்சள் கோட்டு ஒன்றின் ஜிப்பில்
ஏற்கெனவே ஒரு சீட்டு தொங்கியது,
கம்பி வளையத்தில்,
எனக்கு முன்னால் எவளோ விலை போட்டுவிட்டதுபோல.

ஜப்பான் எழுத்து.
கைப்பேசியை அதன்மேல் பிடித்தேன்.
அது திக்கித் திக்கிச் சொன்னது:
லிஃப்ட் டிக்கெட். பெரியவர் ஒருவர். அரைநாள்.
பன்னிரண்டரை மணி முதல்.
மூவாயிரத்து எண்ணூறு யென்.
பிறருக்குக் கொடுக்கக் கூடாது.

கொடுத்துவிட்டார்கள்,
கிலோ கணக்கில்.

எதிரே மடித்துக்கொண்டிருந்த கோமளவல்லி
எட்டிப் பார்த்தாள்.
லிஃப்டுக்கு டிக்கெட்டா?

அவளுக்கு வீடு ஏழாம் மாடி.
தோட்டம் கைமாறியபோது
லயத்துக்குப் பதிலாகக் கிடைத்தது.
அங்கே லிஃப்ட் நின்று இரண்டு தீபாவளி ஆகிவிட்டது.
கேஸ் தூக்கி ஏறும் பையனுக்கு
மாடிக்கு ஒரு வெள்ளி.
அப்போ நானும் டிக்கெட் வாங்கிக்கிட்டுதானே இருக்கேன் என்றாள்,
சிரிக்காமல்.

சாப்பாட்டு நேரத்தில் காணொளி தேடிக் காட்டினேன்.
வெள்ளை மலை.
கம்பியில் நாற்காலி நாற்காலியாகப் போகிறது.
மேலே போனதும்
கீழே வழுக்கி வருகிறார்கள்.
மறுபடி வரிசையில் நிற்கிறார்கள்.
மறுபடி நாற்காலி.
மீகோரேங் வாயில் நிற்க
கோமளவல்லி கேட்டாள்:
இறங்கவா இவ்வளவு காசு கொடுத்து ஏறுறாங்க?
தெரியவில்லை எனக்கு.
முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு இருதயராஜ் வந்தான்.
கோழித் தொழிற்சாலையில் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்களாம்.
மைனஸ் பதினெட்டு.
கம்பெனி கொடுத்த கோட்டில் பஞ்சு பிய்ந்துகிடக்கிறது.
மஞ்சளைப் போட்டுப் பார்த்தான்.
கண்ணாடிமுன் நின்றபோதே வியர்வை
கழுத்தில் இறங்கியது.
எட்டு வெள்ளி என்றான்.
பதினைந்து என்றேன்.
பன்னிரண்டில் நின்றோம்.

இது என்னக்கா, தொங்குது?
சொன்னேன்.
அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அரைநாளா?
எனக்கு ஷிப்டு பன்னிரண்டு மணி நேரமாச்சே.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
இருக்கட்டும் என்றான்.

வெயிலில் போய்
எல்லாரையும்போலக் கோட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு
மோட்டார்சைக்கிளை உதைத்தான்.
முதுகில் திறந்துகிடந்த ஜிப்பில்
அந்தச் சீட்டு அடித்துக்கொண்டே போனது
சமிக்ஞை விளக்குவரை.
சிவப்பில் அது கொஞ்சம் ஓய்ந்தது.
அப்புறம் எண்ணெய் லாரி மறைத்துவிட்டது.

இன்னும் நாற்பது கோட்டு மிச்சம்.
எல்லா ஜிப்பையும் தடவிப் பார்த்தேன்,
வேறு சீட்டு இல்லை.
ஒரு பையில் ஒற்றைக் கையுறை,
குழந்தையுடையது.
அதற்கு விலை குத்தவில்லை.

இரவு எட்டுக்கு
கோமளவல்லி அழைத்தாள்.
படியில் அவள் குரல் எதிரொலித்தது.
அந்த யென்னு, நம்ம காசுக்கு எவ்வளவு?
நூற்றுப் பதினைந்து இருக்கும் என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
மூச்சு மட்டும் வாங்கியது.
விலைக்கா, நாலாம் மாடிக்கா
கேட்கவில்லை நான்.