பஞ்சிகாவத்தைக்குப் பின்னால்

மூன்று லட்சம் என்கிறார் ஃபளீல்.
எனக்குக் கியர்பொக்ஸ் போதும்,
முன்கண்ணாடி றப்பரும்.
மிச்சமெல்லாம் கறள்.
விரலால் தட்ட
பெட்ஃபோர்டின் வயிறு உதிர்கிறது.

உள்ளே ஏறிப் பார்த்தேன்.
மடிப்புக் கட்டில். ஒற்றை அடுப்பு.
ஜன்னலோரம் சோப்புப்பெட்டி அளவில் ஒரு சிங்க்.
குழாயைத் திருகினேன், சும்மாதான்.
ஓர் எறும்பு வந்தது.
பிறகு அதன் குடும்பம்.

“எங்க நிப்பாட்டப் போறியள்?”
ஃபோனில் சுகிர்தா.
கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள்
ஓட்டோவே மூச்சை அடக்கித்தான் நுழையும்.

“பார்ட்ஸுக்குத்தான்.
முழுசா வராது” என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டே கால் லட்சம் கேட்டேன்,
அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடியே.
கூரை ஓட்டையால்
களனிப் பக்கத்து மழை இருட்டு.

“இப்பவே வெட்டத் தொடங்கவா?”
“தொடங்குங்கோ.
இதைக் கடைசியாக் கழட்டுங்கோ.”